ஒரு நாள் செயலமர்வால் விஞ்ஞான ஆசிரியர் உருவாக மாட்டார்

மலையகக் கல்வியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்: "கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை." தேர்தல் மேடையிலும் பரிசளிப்பு விழாவிலும் அதே வசனம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆளை நியமித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று அந்த வசனமே நம்மை நம்ப வைத்துவிடுகிறது. நியமனம் கிடைத்து ஒரு தோட்டப் பாடசாலைக்கு வந்து சேர்ந்த விஞ்ஞான ஆசிரியருக்கு அடுத்த பத்து வருஷம் யார் துணை? நாங்கள் இங்கே கேட்க வருவது இதைத்தான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1970களின் பிற்பகுதியில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. பல இடங்களில் ஒரு மண்டபம், ஒரு ஆசிரியர், ஆரம்ப வகுப்புகள் மட்டும். பிறகு சுவீடனின் சீடா உதவியில் கட்டடங்கள் வந்தன. ஜேர்மனியின் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. 2015 அளவில் ஏறத்தாழ மூவாயிரம் பேரை ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில், மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் எடுக்கத் தொடங்கினார்கள். போராடிப் போராடித்தான் அது 10,000 ஆனது. 2023 ஜூலையில், மலையகத் தமிழர் வந்து 200 வருஷம் ஆனதை ஒட்டி, இந்தியா 75 கோடி இந்திய ரூபாய் உதவி அறிவித்தது. இந்திய உதவியில் ஆசிரியர்களுக்கான பயிற்சிகளும் நடந்தன.

இவை எல்லாமே தேவையானவை. பத்தனைக் கல்லூரி மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு எங்கள் பாடசாலைகளில் பாதி ஆசிரியர்களைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் திட்டம் என்றால் அதற்கு ஒரு தொடக்க விழா, ஒரு முடிவுத் திகதி. ஆசிரியத் தொழிலுக்கு அப்படி முடிவுத் திகதி கிடையாதே.

நடைமுறையில் 'வாண்மை விருத்தி' எப்படி நடக்குதென்று ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். மஸ்கெலியாவுக்கு அங்கால உள்ள ஒரு பாடசாலையிலிருந்து காலையில் பஸ் ஏறி ஹட்டனுக்கு வரவேண்டும். வளவாளர் திரையில் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். பகல் சாப்பாடு, வரவுப் பதிவில் கையொப்பம், பின்னேரம் திரும்பிப் போக வேண்டும். அடுத்த நாள் வகுப்பில் சொன்னதைச் செய்து பார்த்து அது சரிவராவிட்டால் யாரிடம் கேட்பது? ஆசிரிய ஆலோசகர் இருக்கிறார்தான். அவருக்குக் கீழே எத்தனை பாடசாலை, எவ்வளவு மலைப்பாதை என்று யோசித்துப் பாருங்கள். பாவம், அவரும் என்ன பண்ணுவார்?

ஒரு சின்ன உதாரணம். தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஒரு பிள்ளை வெப்பமானியை வைத்துப் பார்த்து, "சேர், 94தான் காட்டுது" என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? "வெப்பமானி பழுது, 100 என்று எழுது" என்றால் அந்தப் பாடம் அங்கேயே செத்துவிடும். "ஏன் குறையுது? வளிமண்டல அமுக்கத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு? வீட்டில் பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது?" என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானம் ஆரம்பித்துவிடும். இரண்டாவது வழியில் போக ஆசிரியருக்குத் துணிச்சல் வேண்டும். தனக்குத் தெரியாததை இன்னொருவரிடம் கூச்சமில்லாமல் கேட்க ஓர் இடம் இருந்தால்தான் அந்தத் துணிச்சல் வரும்.

அப்படி ஓர் இடத்தை ஒரு மாவட்டம் முழுவதற்கும் உருவாக்கிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டம். 1972இல் கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் 16 கிராமப் பாடசாலைகளில் ஒரு விஞ்ஞானக் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. டெல்லி பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவன விஞ்ஞானிகளும் அதில் இறங்கினார்கள். 1978இல் மாநில அரசின் சம்மதத்தோடு மாவட்டம் முழுவதற்கும் அது விரிந்தது. 1982இல் அதை நடத்தவே ஏகலவ்யா என்ற நிறுவனம் வந்தது.

அங்கே செய்தது ரொம்ப எளிமையான வேலை. கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு நீண்ட பயிற்சி. அதில் ஆசிரியர்களே பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து பரிசோதனை செய்தார்கள். பிறகு மாதம் ஒரு தடவை கூட்டம்: எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று பேசுவதற்கு. வகுப்பறைக்கே வந்து பார்க்க ஆட்கள். ஆசிரியர் சொன்ன குறைகளை வைத்துப் பாடநூலையே திருத்தினார்கள். சில வருஷத்தில் கிராமத்து ஆசிரியர்களே மற்ற ஆசிரியர்களுக்கு வளவாளர் ஆனார்கள். பேராசிரியர் வந்து 'அறிவூட்டிவிட்டு'ப் போகிற கதை அங்கே நடக்கவில்லை.

இதை ஹட்டன் கல்வி வலயத்தில் செய்து பார்க்க முடியாதா? பேராதனைப் பல்கலைக்கழகம் ஹட்டனிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர்தான். அங்கே விஞ்ஞானப் பீடம் இருக்கிறது, விஞ்ஞான பட்டப்பின் படிப்பு நிறுவகமும் இருக்கிறது. பத்தனையில் கல்வியியற் கல்லூரி. தலவாக்கலையில் 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். அதே ஊரில் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின் திட்டத்தின் அணைக்கட்டு. தோட்டத்துக்குத் தோட்டம் ஃபெக்டரி. ஃபெக்டரியில் 'ஃபெர்மன்டிங்' என்று சொல்கிறார்களே, அது உண்மையில் இலையிலுள்ள நொதியத்தால் நடக்கும் ஒட்சியேற்றம். அம்மா பறித்த கொழுந்து ஏன் கறுப்பாகிறது என்பதில் இருந்தே ஒரு இரசாயனப் பாடம் தொடங்கலாம். எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை, அதுதான் பிரச்சினை.

எங்கள் யோசனை இதுதான். ஒரு வலயத்தோடு தொடங்கட்டும். தரம் 6 முதல் 9 வரை விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் மாதம் ஒரு நாள் ஆசிரியர் மத்திய நிலையத்தில் கூடட்டும். அது சனிக்கிழமையாக இருக்கக் கூடாது. கடமை லீவோடு, பஸ் காசோடு, வார நாளில் நடக்க வேண்டும். ஆசிரியருக்கும் வீடு, பிள்ளை என்று ஒரு வாழ்க்கை இருக்குத்தானே. பல்கலைக்கழகப் பக்கத்தில், பாடசாலைகளோடு செய்யும் வேலையைப் பதவியுயர்வுப் புள்ளிகளில் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு நல்ல மனசுக்கார விரிவுரையாளர் இடம் மாறியதும் எல்லாம் நின்றுவிடும்.

"விஞ்ஞானப் பீடம் ஆங்கிலத்தில் இயங்குது, தமிழில் பேச ஆள் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேராதனையில் போதாவிட்டால் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். மலையகத்திலிருந்தே விஞ்ஞானப் பட்டம் முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் பேசி, அவர்கள் கேட்கிற கூட்டம் என்றால் மொழிப் பிரச்சினையும் பாதி குறையும்.

இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஹோஷங்காபாத் திட்டத்தை 2002இல் மாநில அரசு மூடிவிட்டது. முப்பது வருஷ வேலை, ஓர் உத்தரவில் நின்றது. அதனால் இங்கே எதைச் செய்தாலும் மத்திய மாகாணக் கல்வி அமைச்சும் பல்கலைக்கழகமும் எழுத்தில் உடன்பட வேண்டும். பெற்றோருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். மூட வந்தால் கேள்வி கேட்க அவர்கள்தான் முன்னுக்கு வர வேண்டும்.

கலைப்பீட மாணவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். 1சீ பாடசாலையில் உயர் தரத்துக்குக் கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானப் பிரிவு வேண்டுமென்றால் 1ஏபி பாடசாலைக்குப் போக வேண்டும். அதற்கு முதலில் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் நல்லபடி சித்தியடைய வேண்டும். நாங்கள் எங்கள் பாடங்களை விரும்பித்தான் படிக்கிறோம். ஆனால் எங்களோடு இந்தப் பீடத்தில் இருக்கிற பலருக்கு வேறொரு கதவு இருந்தது என்பதே பதினைந்து வயதில் தெரியாது. அந்தக் கதவு தரம் 6இலேயே, தனித்து விடப்பட்ட ஓர் ஆசிரியரின் வகுப்பறையில் சாத்தப்பட்டுவிட்டது.

அதிகாரிகள் கையெழுத்திடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வளாகங்களில் உள்ள நமது மாணவர் ஒன்றியங்கள் பரீட்சைக் கருத்தரங்கு நடத்தத் தோட்டங்களுக்குப் போகின்றன. அடுத்த தடவை போகும்போது விஞ்ஞானப் பீட நண்பர்களையும் கூட்டிப் போவோம். பிள்ளைகளுக்கு மண்டபம் கேட்கிற அதே கடிதத்தில், ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேச ஓர் அறையும் கேட்போம். முதல் மாதம் மூன்று பேர் வந்தாலும் போதும். இரண்டாவது மாதமும் போவதுதான் முக்கியம்.