பாஸ் லினக்ஸ் இருக்கிறது. சொல்லித்தர ஆள்தான் இல்லை

அரசுக் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கிய மடிக்கணினியில் இயங்குதளங்கள் இரண்டு. ஒன்று விண்டோஸ் 11. மற்றது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். போடி அரசு பொறியியல் கல்லூரிக்கும் வீரபாண்டி அரசு கலைக் கல்லூரிக்கும் போய்ப் படிக்கிற உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர்ப் பிள்ளைகள் முதலாவதை அன்றாடம் திறப்பார்கள். இரண்டாவதைத் திறந்து பாருங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லப் போவதில்லை. ஆர்வத்தில் ஒருவர் திறந்துவிட்டாலும், அடுத்து என்ன செய்வது என்று கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது.

இது புதிய கதையும் இல்லை. 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோதே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதற்கும் முன்னால், தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் தன் நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றுபோன 2014-இல், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸைப் பரிசீலிக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பத் துறையே சொன்னது. பாடநூலும் குறை வைக்கவில்லை: பிளஸ் 1 புத்தகத்தில் உபுண்டு இருக்கிறது, ஓப்பன் ஆபீஸ் இருக்கிறது, பிளஸ் 2-வில் பைத்தான் இருக்கிறது. மென்பொருளுக்குக் காசு இல்லை, கணினியில் இடம் உண்டு, புத்தகத்திலும் இடம் உண்டு. இத்தனை இருந்தும், அதைப் பழக்கிவிடவும் பழுதானால் சரிசெய்யவும் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை மட்டும் வைக்கவில்லை. தமிழக அரசின் மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டு இது ஒன்றுதான்.

இந்தக் குறையின் விலை என்ன என்பதை உத்தமபாளையம் தாலுகா அலுவலகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பார்க்கலாம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று மனுவோடு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன், ஒரு கைரேகைக் கருவி. இதுபோன்ற கடைகளில் கிராக் போட்ட விண்டோஸும் கிராக் போட்ட ஆபீஸும்தான் வழக்கம். மனுவை இன்னும் வானவில் எழுத்துருவில் அடிக்கிறவர்கள் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் அதே கோப்பைத் திறந்தால், ஒரு குடும்பத்தின் நிலத் தகராறு முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிக் கிடக்கும். எந்தக் கணினியிலும் ஒன்றுபோலத் தெரிகிற யூனிகோடைப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழக அரசு ஆணையிட்ட ஆண்டு 2010.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் வீட்டுக் கணினிக்கு அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு நீட்டிப்பு என்று அது அறிவித்தது. கிராக் போட்ட கணினிக்கு அந்த வழியும் அடைப்பு. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் டி.பி.எம். 2.0 சில்லு வேண்டும், ஏறத்தாழ 2018-க்குப் பிறகு வந்த பிராசஸர் வேண்டும். பழைய மடிக்கணினிகளும் பல கடைகளின் கணினிகளும் இதில் தேறாது. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கி எறிய வேண்டும், அல்லது ஓட்டையோடு ஓட்ட வேண்டும். நம் ஊர் மக்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் தட்டச்சாகிற கணினி ஓட்டையோடு ஓடுவதைச் சின்ன விஷயமாக நாம் நினைக்கவில்லை. அதே இயந்திரத்தில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் திருத்தங்களோடு ஓடும்.

லோயர் கேம்ப் மலைப்பாதையில் ஏறினால் கேரளத்தின் குமுளி. அங்கே அரசுப் பள்ளியின் கணினி அறையில் ஓடுவது கைட் குனு/லினக்ஸ். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளிலேயே, மூல நிரல் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறியது. 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. உரிமக் கட்டணத்தில் ரூ.3,000 கோடி மிச்சம் என்று அந்த அரசு கணக்குச் சொல்கிறது. இந்தப் பெரிய தொகையைவிட நமக்கு முக்கியமாகப் படுவது வேறு. கேரளம் முதலில் ஆளைப் பிடித்தது. பாடம் நடத்துகிற ஆசிரியர்களிலிருந்தே ஆர்வமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, மாவட்டந்தோறும் தலைமைப் பயிற்சியாளர்களாக்கி, மற்ற ஆசிரியர்களைப் பழக்கியது. பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வையே அந்த மென்பொருளில் நடத்தியது. தேர்வு அதில் என்றதும் ஆசிரியரும் பழகினார், மாணவரும் பழகினார், பெற்றோரும் பயத்தை விட்டார்கள். 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்று உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் குழு. சிறு சிறு கோளாறுகளைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்.

இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வேலை செய்கிறவர்களில் நம் பள்ளத்தாக்கிலிருந்து போனவர்கள் நிறையப் பேர். அவர்களின் பிள்ளைகள் அங்கே தமிழ்வழிப் பள்ளியில் படித்தால், கேரள அரசு அச்சிட்ட ஐ.சி.டி. பாடநூல் தமிழிலேயே கையில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை கணினி தனித் தேர்வுப் பாடமாக இல்லை. தோட்டத் தொழிலாளி மகளுக்கு மலைக்கு மேலே கிடைக்கிற தமிழ்க் கணினிப் பாடம் கீழே கோம்பையிலும் பண்ணைப்புரத்திலும் தேர்வுப் பாடமாகக் கிடைக்காமல் இருப்பது நியாயமா? பெரியாற்றுத் தண்ணீருக்காகக் கேரளத்தோடு நமக்கு வழக்கு உண்டு, வருத்தம் உண்டு. அதற்காக அவர்கள் சரியாகச் செய்ததைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஃபிளெக்ஸ், பத்திரிகை அடிக்கிற கடைக்காரருக்கு ஃபோட்டோஷாப்பும் கோரல் டிராவும் பேஜ்மேக்கரும்தான் கைப்பழக்கம்; கல்யாண சீசனில் நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டிய வேலையை வைத்துக்கொண்டு அவர் லினக்ஸில் ஓடுகிற கிம்ப் கற்க உட்கார முடியாது. கைரேகைக் கருவிக்கான மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே கடைக்காரரை முதலில் மாறச் சொல்வது அநியாயம். மாற வேண்டியது அரசு. தான் வாங்குகிற கருவி எதுவானாலும் லினக்ஸிலும் வேலை செய்ய வேண்டும் என்று அரசு ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்த்தால், விற்கிற நிறுவனம் தானாக எழுதித் தரும். அரசைப் போல மொத்தமாக வாங்குகிறவர் வேறு யாரும் இல்லை. திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று மத்திய அரசே 2015-இல் கொள்கை அறிவித்திருக்கிறது. தமிழகம் புதிதாகத் தத்துவம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பழகிய மென்பொருளே ஓடிக்கொண்டிருக்கட்டும், இப்போது என்ன கெட்டுவிட்டது என்று கேட்கிறவர்கள் 2025 ஜூலையில் நயாரா எனர்ஜிக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். குஜராத்தின் வாடினாரில் பெரிய சுத்திகரிப்பு ஆலை நடத்துகிற நிறுவனம் அது. ரஷ்யப் பங்குகள் இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. காசு கட்டி வாங்கிய உரிமம். இந்தியச் சட்டப்படி நடக்கிற தொழில். டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் சேவை திரும்ப வந்தது. பெரியாற்றுத் தண்ணீரில் இரு போகம் விளைவிக்கிற உத்தமபாளையத்தாருக்கு, மதகின் கட்டுப்பாடு யார் கையில் என்ற கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உள்நாட்டு நிறுவனத்துக்கு மாறிவிட்டால் போதாதா? மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் தன் அலுவலர்களை ஸோகோவின் ஆபீஸ் மென்பொருளைப் பயன்படுத்தச் சொன்னது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துக் கிராமத்துப் பிள்ளைகளை நிரலாளர்களாக்கிய நிறுவனம் ஸோகோ. அதில் நமக்கும் பெருமைதான். ஆனால் அதன் மூல நிரலும் மூடியதுதான். அரசு ஆவணமும் பள்ளிக் கல்வியும் ஒரே நிறுவனத்தின் முடிவை நம்பி நிற்பது, அந்த நிறுவனம் நம் ஊருடையது என்றாலும், சரியில்லை என்பதே நம் கருத்து.

கட்டற்ற மென்பொருளை ஆதரிக்கிறவர்கள் மறைக்கக் கூடாத உண்மை ஒன்றும் உண்டு. அது தானாக விளைவதில்லை. 2024 மார்ச்சில், உலகத்துச் சர்வர்களில் பரவலாக இருக்கும் எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் கருவிக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்தது தெரியவந்தது. அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் லாஸ்ஸே காலின் என்ற தன்னார்வலர். ஏறக்குறையத் தனி ஆள். அவர் களைத்திருந்த நேரத்தில், ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு நஞ்சைக் கலந்தார். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். வழக்கமாக உடனே முடிகிற ஒரு லாகின் அரை விநாடி தாமதமானது அவருக்கு உறுத்தியது. அந்த அரை விநாடியை விடாமல் தோண்டிப் போனார். நிரல் திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது. உலகமே பயன்படுத்திய ஒன்றைக் காக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் முன்வராததால்தான் அந்த ஆபத்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

தமிழிலும் இதே நிலைதான். 2012 முதல் கணியம் இதழ் நடத்துகிறவர்கள், இலவச மின்னூல் வெளியிடுகிறவர்கள், ஃபயர்பாக்ஸையும் லிப்ரே ஆபீஸையும் தமிழில் பேச வைத்தவர்கள், ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகங்களை எழுதியவர்கள் எல்லாரும் வேலை முடிந்த பிறகு கண்விழித்துச் செய்தவர்கள். ஸெரோதா நிறுவனம் 2024-இல் இத்தகைய மென்பொருட்களுக்கென ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கும் நிதியைத் தொடங்கியது. பங்குத் தரகு நிறுவனம் ஒன்றுக்குத் தோன்றியது, தமிழுக்கென மாநாடு நடத்துகிற அரசுக்குத் தோன்றக் கூடாதா? தமிழ் எழுத்துப்பிழை திருத்தி, எழுத்துணரி, விசைப்பலகை ஆகியவற்றைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆண்டு மானியம் தர வேண்டும். மக்கள் பணத்தில் எழுதப்படும் தமிழ் மென்பொருட்களின் மூல நிரலையும் வெளியிட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது பிள்ளைகள் இதையெல்லாம் கற்க வேண்டுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. டி.சி.எஸ். 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. திராட்சைத் தோட்டத்தை அடகு வைத்து மகனை பி.இ. படிக்க வைத்தவர் வயிற்றில் அது புளியைக் கரைக்கும். இனி நிரலை அடித்துத் தருகிறவருக்கு மதிப்புக் குறையும். அடித்து வந்த நிரலைப் படித்து, எங்கே தவறு என்று சொல்கிறவருக்கு மதிப்புக் கூடும். படிக்கப் பழகுவதற்கு நிரல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஃபிராய்ண்ட் போல உள்ளே தோண்டிப் பார்க்க, திறந்த மூல மென்பொருளைத் தவிர நம் மாணவருக்கு வேறு பயிற்சிக்களம் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. தேனி மாவட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் முழுநேரக் கட்டற்ற மென்பொருள் பயிற்சியாளர் ஒருவரைப் பள்ளிக் கல்வித் துறை நியமிக்கட்டும். கணினி அறிவியலில் பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம், ஆள் தேட வேண்டியதில்லை. 1956 முதல் இந்த ஊரில் இருக்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, சனிக்கிழமைகளில் தன் கணினி ஆய்வகத்தை ஊர்க் கடைக்காரர்களுக்கும் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் திறந்துவிடலாம். கணினித் துறை மாணவர்கள் அந்த இயந்திரங்களில் லினக்ஸ் போட்டு, யூனிகோட் தமிழ் விசைப்பலகையையும் பிரிண்டரையும் இணைத்துக் கொடுத்தால் அதுவே அவர்களுக்குச் செய்முறைப் பாடம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பைத்தான் லினக்ஸிலும் ஓடும். அடுத்த கல்வியாண்டின் பிளஸ் 2 கணினி அறிவியல் செய்முறைத் தேர்வு லினக்ஸ் கணினியில்தான் நடக்கும் என்று ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே சுற்றறிக்கை அனுப்பட்டும்.