பற்றாக்குறை நர்சுகளுக்கல்ல, நியாயமான சம்பளத்துக்கே!



சர்க்கார் ஆஸ்பத்திரியில் கவனிப்பு இல்லை என்று நாம் கேட்டால், "ஆள் பற்றாக்குறை" என்று கையை விரிக்கிறார்கள். படித்துத் தேறிய நர்சுகளோ வேலை கேட்டுத் தெருவில் நின்றிருக்கிறார்கள். உள்ளே ஆள் இல்லை, வெளியே வேலை இல்லை! இந்த விந்தைக்குக் காரணம் என்ன?

நாம் சொல்கிறோம்: ஆளுக்குப் பஞ்சமில்லை. வயிறு நிறையும் சம்பளத்துக்கும் நிரந்தர வேலைக்கும்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தை உண்டாக்கியவர்கள் ஆட்சியாளர்களே.

கணக்கைப் பாருங்கள். 2015ல் தமிழக சர்க்காரின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 நர்ஸ் இடங்களுக்குப் பரீட்சை அறிவித்தது. தேறியவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நாளொன்றுக்கு 257 ரூபாய் கூட இல்லை. இரண்டு வருடம் பொறுத்தால் நிரந்தரம் என்றார்கள். பொறுத்தார்கள். நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான நர்சுகள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்து போராடினார்கள். அதன் பிறகும் நிரந்தரம் தவணை தவணையாகத்தான் வந்தது.

பிறகு கொரோனா வந்தது. 2020 மே 3ந் தேதி ஆஸ்பத்திரிகள் மீது ராணுவ ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினார்கள். அந்தக் கொள்ளைநோய்க்கென்று மாதம் 14,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட நர்சுகளில் 2,400 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31ந் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். போராட்டம் மூண்ட பின், 18,000 ரூபாயில் மாற்று வேலை என்று அறிவித்தார்கள். அதுவும் ஒப்பந்த வேலையே! இதற்கிடையில் ஆட்சி மாறியது, ஒப்பந்தமுறை மாறவில்லை.

மில் தொழிலாளிகளே! இது உங்களுக்குப் புதிதா? வருடக்கணக்காகப் பதிலி என்றே வைத்திருந்து, வேண்டாதபோது கேட்டுக்கு வெளியே தள்ளும் தந்திரம்தானே இது! 2 சைடு பார்த்தவரை 4 சைடு பார் என்ற முதலாளியின் புத்திதான் இங்கும் வேலை செய்கிறது. போதனா ஆஸ்பத்திரியின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நம் வார்டுகளில் அதை யார் கண்டார்கள்? மில்லில் வேலைப்பளு ஏறினால் அறுவது நூல். வார்டில் ஏறினால் அறுவது உயிர். அந்த உயிர் நர்சிங் ஹோமுக்குப் போக வசதியுள்ளவனுடையதல்ல. நம்முடையது.

விவசாயத் தொழிலாளிகளே! கம்மலை அடகு வைத்து நீங்கள் நர்சுக்குப் படிக்க வைத்த மகள் ஏன் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறுகிறாள்? அவளைக் குறை சொல்லாதீர்கள். இங்கே வாழ விடாதவர்களைக் கேளுங்கள். 2023ல் உலகம் முழுவதும் 58 லட்சம் நர்சுகள் குறைவு என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பணக்கார நாடுகள் தங்கள் குறையை நம்மிடமிருந்து நிரப்பிக்கொள்கின்றன. உழவும் விதைப்பும் நமது. அறுவடை அவர்கள் களத்தில்!

"கஜானாவில் பணமில்லை" என்பார்கள். மாநில சர்க்கார் மத்திய சர்க்காரைக் கைகாட்டும். மத்திய சர்க்காரோ 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று 2017ல் கொள்கை எழுதியது. 2025 போய்விட்டது, சொன்ன சதவீதம் எட்டவில்லை. ஆனால் 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்து, வருடத்துக்கு 1,45,000 கோடி ரூபாயை விட்டுக்கொடுத்தபோது கஜானா கனக்கவா செய்தது?

மனமிருந்தால் வழியுண்டு. 1959 புரட்சிக்குப் பின் கியூபாவில் இருந்த சுமார் 6,000 டாக்டர்களில் பாதிப்பேர் வெளியேறினார்கள். அந்த சர்க்கார் கையைப் பிசையவில்லை. ஏழைப் பிள்ளைகளை இலவசமாகப் படிக்க வைத்தது. படித்தவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வேலையும் கொடுத்தது.

நாம் கேட்பது சலுகையல்ல. ஒப்பந்தமுறையை ஒழி! காலியிடங்களை நிரந்தரமாக நிரப்பு! சம வேலைக்குச் சம சம்பளம் கொடு! சர்க்கார் நர்சிங் பள்ளிகளைப் பெருக்கு!

நர்சுகளின் போராட்டத்தை வேடிக்கை பார்க்காதீர்கள். மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் கூட்டம் போடுங்கள், தீர்மானம் நிறைவேற்றுங்கள், அவர்களோடு தோள் சேர்ந்து நில்லுங்கள். நோயில் விழும்போது நம்மைத் தாங்கும் கைகள் அவை. அந்தக் கைகளை இன்று நாம் தாங்குவோம்!