வீட்டை நீட்டிக் கட்டுறீங்களா? பாய்லர் புகைக்குழாயை முதலில் பாருங்க... பிரிட்டன் விதிகள் சொல்வது என்ன?

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், குரோய்டன் என தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதிகளில் 'எக்ஸ்டென்ஷன்' என்பது அடிக்கடி காதில் விழும் சொல். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஊரிலிருந்து அம்மா வந்து தங்கியிருக்கிறார், பெரிய வீடு வாங்கவோ கட்டுப்படியாகாது. அதனால் இருக்கிற வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டிவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள்.

எத்தனை அடி, எந்த டைல்ஸ், எவ்வளவு செலவு என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். சமையலறைச் சுவரிலிருந்து வெளியே ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைப் பற்றி மட்டும் பேச்சே வராது. சுவர் பாதி எழும்பிய பிறகுதான், "இந்தக் குழாயை என்ன பண்றது?" என்ற கேள்வி வரும்.

அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

அது என்ன குழாய்?

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் வெந்நீருக்கும் அறைகளைச் சூடாக்குவதற்கும் எரிவாயு பாய்லர்தான். எரிவாயு எரிந்த பிறகு மிஞ்சும் புகையை வீட்டுக்கு வெளியே தள்ளுவது 'ஃப்ளூ' எனப்படும் புகைக்குழாய். இப்போதுள்ள பாய்லர்களில், எரிவதற்குத் தேவையான காற்றும் இதே குழாயின் வெளி அடுக்கு வழியாகத்தான் உள்ளே வரும்.

பாய்லர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று ஆரம்பிக்கும். காய்ச்சலோ சளியோ என்று நினைத்துப் படுத்தால், எழுந்திருக்காமலே போகக்கூடும். மூடிய குளியலறையில் கேஸ் கீஸர் ஓடி உயிர் போனதாக இந்தியாவில் வரும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே வாயுதான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

புகைக்குழாய் வழக்கமாக வெளிச்சுவர் வழியாக வெளியேறும். பின்பக்கம் புது அறை கட்டினால் அந்த வெளிச்சுவர் வீட்டின் உட்சுவராகிவிடும். குழாயின் வாய் புது அறைக்குள் புகையைக் கக்கும்.

குழாய் வெளியிலேயே இருந்தாலும் பிரச்சினை தீராது. புது ஜன்னல், புதுக் கதவு, புதுக் கூரை இவற்றில் ஏதாவது ஒன்று குழாயின் வாய்க்கு மிக அருகில் வந்துவிடலாம். கட்டுமானத்தின்போது தார்ப்பாய் போட்டு மூடி, பாய்லரை வழக்கம்போல ஓடவிடுவதும் அதே அளவு ஆபத்து.

எவ்வளவு இடைவெளி வேண்டும்?

இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி 'அப்ரூவ்டு டாக்குமென்ட் ஜே' இதைச் சொல்கிறது. மின்விசிறி பொருத்திய, காற்றுப்புகாத வகை பாய்லர்களுக்கான முக்கிய அளவுகள் இவை:

• திறக்கும் ஜன்னல், கதவு, காற்றுத்துளை: 300 மி.மீ.
• தரையிலிருந்து உயரம்: 300 மி.மீ.
• கூரை விளிம்புக்குக் கீழே: 200 மி.மீ.
• குழாய் நேர் எதிரே பார்க்கும் சுவர் அல்லது பக்கத்து வீட்டு எல்லை: 600 மி.மீ.
• எதிரெதிரே பார்க்கும் இரண்டு குழாய்களுக்கு இடையே: 1,200 மி.மீ.

இவை குறைந்தபட்ச அளவுகள். பாய்லர் தயாரிப்பாளரின் கையேடு இதைவிட அதிக இடைவெளி கேட்டால் அதைப் பின்பற்ற வேண்டும். குழாயை அதிகபட்சம் எவ்வளவு நீட்டலாம், எத்தனை வளைவு வைக்கலாம் என்பதும் அந்தக் கையேட்டில்தான் இருக்கும். ஒரு கம்பெனி பாய்லருக்கு வேறு கம்பெனி குழாயைப் பொருத்தி ஒப்பேற்ற முடியாது.

"அனுமதி வாங்கிட்டோமே?"

பலர் ஏமாறும் இடம் இது. இங்கிலாந்தில் ஒட்டுவீடுகளுக்குப் பின்பக்கம் 3 மீட்டர், தனிவீடுகளுக்கு 4 மீட்டர் வரை ஒரு மாடி எக்ஸ்டென்ஷனை, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், திட்ட அனுமதி இல்லாமலே கட்டலாம். ஆனால், திட்ட அனுமதி வேறு, கட்டட விதிகள் வேறு. முன்னது, எவ்வளவு பெரிதாக, எங்கே கட்டலாம் என்று பார்ப்பது. புகை எங்கே போகிறது என்பது அதன் கவலை இல்லை.

வரைபடம் போடுபவர் அதை கேஸ் இன்ஜினியர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார். கட்டுபவர், வீட்டுக்காரர் சொல்லட்டும் என்று இருக்கிறார். வீட்டுக்காரரோ எல்லாம் பில்டர் பொறுப்பு என்று நம்புகிறார். கேஸ் இன்ஜினியரை யாருமே கூப்பிடவில்லை!

சட்டப்படி யார் பொறுப்பு?

1998-ம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளில் 8-வது விதி இதில் தெளிவாக இருக்கிறது. எரிவாயுச் சாதனம் உள்ள கட்டடத்தில், அதன் பாதுகாப்பைக் கெடுக்கும் மாற்றத்தை யாரும் செய்யக் கூடாது என்கிறது அது. அதாவது, பாய்லரைத் தொடவே இல்லை, சுவர் மட்டும்தான் கட்டினோம் என்று கட்டுபவர் கை கழுவ முடியாது.

புகைக்குழாயை மாற்றும் வேலையை 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' பதிவு பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் 'கோர்ஜி' பதிவுக்குப் பதிலாக பிரிட்டனில் இருப்பது இதுதான். அடையாள அட்டையின் பின்பக்கத்தில், அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது இருக்கும். அதைத் திருப்பிப் பார்ப்பதில் தயக்கமே வேண்டாம்.

2022-ம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பிடியும் இறுகியிருக்கிறது. விதி மீறிய வேலையை இடிக்கவோ திருத்தவோ உள்ளாட்சி நோட்டீஸ் கொடுக்க முன்பு ஓராண்டுதான் அவகாசம். 2023 அக்டோபர் 1 முதல் அது 10 ஆண்டுகள். வீடு கட்டி பல வருஷம் ஆகிவிட்டது என்பது இனி சமாதானம் ஆகாது.

என்னென்ன வழிகள் உண்டு?

ஒன்று, குழாயைப் புது அறையின் கூரை வழியாக மேலே கொண்டுபோவது. இரண்டு, கூரைக்கு உள்ளாகவே நீட்டி வெளிச்சுவருக்குக் கொண்டுவருவது. மூன்று, பாய்லரையே வேறு சுவருக்கு மாற்றுவது.

இரண்டாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது. குழாய் தவறான கூரைக்குள் மறைந்துபோனால், இணைப்பு விலகினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால், மறைவாகப் போகும் குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கும்படி, 1.5 மீட்டருக்குள் குறைந்தது 300-க்கு 300 மி.மீ. அளவில் திறப்பு வைக்க வேண்டும். 2013 ஜனவரி 1 முதல், பார்த்துச் சோதிக்க வழியில்லாத குழாய் இருந்தால் பாய்லரை நிறுத்தச் சொல்லும்படி இன்ஜினியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. அழகுக்காக அந்தத் திறப்பைப் பூசி மூடினால், அடுத்த சர்வீஸில் குளிர்கால வீடு சூடில்லாமல் நிற்கும்.

நான்காவது வழி, எரிவாயுவையே விட்டு ஹீட் பம்புக்கு மாறுவது. இங்கிலாந்து, வேல்ஸில் 2023 அக்டோபர் முதல் அரசு மானியம் 7,500 பவுண்ட். எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்ற திட்ட அனுமதி நிபந்தனையும் 2025 மே மாதம் இங்கிலாந்தில் நீக்கப்பட்டது. பின்பக்கம் இடம் குறுகிய வீடுகளுக்கு இது உதவும். ஆனால் மானியம் போகவும் கையிலிருந்து செலவு இருக்கும். பழைய வீடுகளில் ரேடியேட்டரையும் பெரிதாக்க வேண்டி வரலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை

• வரைபடம் முடிவாகும் முன்பே கேஸ் இன்ஜினியரை அழைத்துக் காட்டுங்கள். குழாய் மாற்றும் செலவு யாருடையது என்பதை பில்டரின் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.
• குழாயைச் சுற்றி வேலை நடக்கும் நாட்களில் பாய்லரை அணைத்து வையுங்கள்.
• கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துங்கள். இங்கிலாந்தில் புது பாய்லர் வைத்தால், 2022 அக்டோபர் முதல் இது கட்டாயம்.
• வேலை முடிந்ததும் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் கேட்பார்.
• வீட்டுக்குள் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். 24 மணி நேர அவசர எண்: 0800 111 999.

குழாயை வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் அது இன்னொரு செலவுக் கணக்கு மட்டும்தான். சுவர் எழும்பிய பிறகு கேட்டால், புதுச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். கேட்காமலே விட்டால், அந்த அறையில் தூங்கப்போவது ஊரிலிருந்து வந்த அம்மா.