இரண்டு கிலோவின் விலை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள் அச்சாலை சுமார் 1000 மீட்டர் உயர்கிறது. போடிமெட்டைக் கடந்ததும் பூப்பாறை, ஆனையிறங்கல், கேப் ரோடு, தேவிகுளம் என்று நீண்டு மூணாறில் இறங்குகிறது. 2019, 2020 ஆண்டுகளின் நிலச்சரிவுகளில் மீண்டும் மீண்டும் மூடப்பட்ட இப்பாதை, அகலப்படுத்தும் பணி முடிந்து 2024 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. சாலை சீரானதும் கார்கள் பெருகின. அவற்றின் ஓரமாக, குனிந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு பைக்குகளும் ஏறுகின்றன. அவ்வாறு ஏறுவோரில் பலருக்கு இன்று ஒரு கனவு இருக்கிறது: குறைந்த செலவில், தம் கையாலேயே பூட்டிய ஒரு கார்பன் வண்டி.

இந்தக் கனவை எள்ளி நகையாடுவது எளிது, சரியும் அன்று. பெரிய நிறுவனங்களின் கார்பன் வண்டிகள் லட்சங்களில் விற்கப்படுகின்றன. மாணவராகவோ, சிறு பணியில் இருப்பவராகவோ உள்ள ஒருவருக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. சீனத் தொழிற்சாலைகள் பொது அச்சில் வார்த்து, பெயர் பொறிக்காமல் விற்கும் பிரேமை வரவழைத்து, கியர்த் தொகுதியை ஓரிடத்திலும் சக்கரங்களை வேறோரிடத்திலும் வாங்கி, காணொளிகளைப் பார்த்துப் பூட்டுபவர் அக்கதவைச் சற்றே திறக்கிறார். அவர் பெறும் அறிவும் மெய்யானதே. தன் வண்டியின் ஒவ்வொரு திருகும் எங்கே இருக்கிறது என்பதை அறிந்தவர் அவர். கார்பன் இழையும் வெறும் பகட்டுப் பொருளன்று. மழையில் துருப்பிடிக்காது, வேண்டிய திசையில் விறைப்பையும் வேண்டிய இடத்தில் நெகிழ்வையும் இழைகளின் அடுக்குமுறையாலேயே தர வல்லது. ஆகவே கார்பன் நல்லதா, தீயதா என்று விவாதிப்பதில் பொருளில்லை. மலிவான கார்பன் வண்டியில் மலிவை எந்த இடத்தில் தேடுவது என்பதே வினா. இதற்கு மலைப்பாதை தரும் விடை, விலைப்பட்டியல் தரும் விடையிலிருந்து முற்றிலும் மாறுபட்டது.

விலைப்பட்டியல் எடையைக் கொண்டு பேசுகிறது. சாதாரண அலுமினிய வண்டி 10 கிலோ என்றும், சிக்கனமாகப் பூட்டிய கார்பன் வண்டி 8 கிலோ என்றும் கொள்வோம். மிச்சம் 2 கிலோ. அந்த 2 கிலோவை 1000 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 20 கிலோஜூல். மனிதத் தசை, உணவாற்றலில் ஏறத்தாழக் கால் பங்கையே இயக்கமாக மாற்றும் என்பதால், உடல் செலவிடுவது 80 கிலோஜூல், அதாவது 20 கலோரிக்குள். ஒரு சிறிய வாழைப்பழத்தின் கால் பங்கு! காலக் கணக்கும் இதைப் போன்றதே. 60 கிலோ எடையுள்ளவர் நடுத்தர வேகத்தில் இந்த ஏற்றத்தை ஏற 80 நிமிடம் ஆகுமென்றால், 2 கிலோ குறைந்தால் அவருக்கு மிச்சமாவது ஏறத்தாழ 2 நிமிடம். நொடிகளில் வெற்றி தோல்வி தீரும் பந்தயத்தில் 2 நிமிடம் மாபெரும் இடைவெளி. அப்பந்தயங்களிலும் வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று பன்னாட்டு மிதிவண்டிக் கூட்டமைப்பான யூ.சி.ஐ. 2000ஆம் ஆண்டு முதல் எல்லை வகுத்துள்ளது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூப்பாறைக்குத் தேநீர் குடிக்கப் போகிறவருக்கு அந்த 2 நிமிடத்தால் என்ன பயன்?

ஏற்றத்தில் உண்மையான உதவி வேறொரு பாகத்திலிருந்து வருகிறது. முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 34 பற்களும் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் 25 பற்களும் இருந்தால், மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.9 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தபடி 10 விழுக்காடு சரிவில் இதை ஓட்ட 250 வாட் அளவுக்குத் திறன் வேண்டும். பயிற்சி பெற்றவராலேயே நீண்ட நேரம் தர முடிகிற அளவு அது. பின்னால் 34 பற்கள் கொண்ட கேசட்டைப் பொருத்தினால், அதே மிதிப்பில் வண்டி 2.1 மீட்டர் நகரும். தேவைப்படும் திறன் 180 வாட்டுக்கு அருகே இறங்கும். முழங்கால் தப்பிக்கும்; கொண்டை ஊசி வளைவில் இறங்கித் தள்ள வேண்டிய நிலையும் வராது. கேசட்டும், அதற்கு ஈடு கொடுக்கும் நீண்ட பின் டிரெய்லரும் கார்பன் பிரேமின் விலையில் சிறு பங்குதான். ஆயினும் வாங்குவோர் முதலில் பிரேமைக் கனவு காண்கிறார்கள். கியரைப் பிறகு நினைக்கிறார்கள்.

ஏறியவர் இறங்கவும் வேண்டும். மலைக்கணக்கின் கடுமையான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. வண்டியும் ஆளுமாக 75 கிலோ, 1000 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் 735 கிலோஜூல். 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது தாராளமாகப் போதும். அதில் ஒரு பகுதியைக் காற்றின் எதிர்ப்பு எடுத்துக்கொள்ளும். ஆனால் வளைவுக்கு வளைவு வேகத்தை அடக்கி, எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி, மூடுபனியில் தடவித் தடவி இறங்குபவரின் வண்டியில் காற்றுக்குப் பங்கு குறைவு. பிரேக்குக்குப் பங்கு மிகுதி. ஏற்றத்தில் 20 கிலோஜூல் மிச்சம் பிடிக்கச் செலவழித்தவர், இறக்கத்தில் நூற்றுக்கணக்கான கிலோஜூல் வெப்பத்தை எதில் கொட்டப் போகிறார்?

மலிவான கார்பன் ரிம்மில் ரிம் பிரேக்கைப் பொருத்தியிருந்தால், அந்த வெப்பம் முழுவதும் ரிம்மின் விளிம்பில் இறங்குகிறது. கார்பன் இழை வெப்பத்தைத் தாங்கும். இழைகளைப் பிணைத்திருக்கும் எப்பாக்சி பிசின் ஒரு வெப்பநிலைக்கு மேல் இளகத் தொடங்கும். அலுமினியம்போல வெப்பத்தை விரைவாகக் கடத்தி வெளியேற்றவும் கார்பனால் இயலாது. இளகிய விளிம்பைக் காற்றடைத்த டயர் வெளிநோக்கித் தள்ளுகிறது. ரிம் பிளக்கலாம், டியூப் வெடிக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இம்மலையில் மழை ஓய்வதில்லை. நனைந்த கார்பன் ரிம்மில் பிரேக் கட்டை முதலில் வழுக்கிப் பிறகே பிடிக்கிறது. ஆகவே இந்தச் சாலையில் கார்பன் சக்கரம் முதல் ஆசையாக இருக்கலாகாது. டிஸ்க் பிரேக், அலுமினிய ரிம், 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகல டயர் ஆகியவையே முதல் செலவாக இருக்க வேண்டும். இவை வண்டியின் எடையைக் கூட்டும். கூட்டட்டும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத பழுது. தமிழ்நாட்டு சைக்கிள் கடைகளின் பேச்சில் ‘கோட்டம் எடுப்பது’ என்றொரு தொடர் உண்டு. சக்கரம் ஒரு பக்கம் வளைந்து உராயும்போது, கடைக்காரர் அதைச் சுழலவிட்டு, ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குகிறார். நடுநிலை பிறழ்வதைக் குறிக்கக் குறளில் ஆளப்பட்ட சொல் அது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சொல்லை எண்ணெய்க் கறை படிந்த கைகள் பிழையின்றிப் பாதுகாத்து வந்திருக்கின்றன. அச்சொல் நிலைத்ததற்கு இரும்பின் இயல்பும் ஒரு காரணம். இரும்பு தன் குறையை வளைந்து காட்டும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தலாம். கார்பனுக்குக் கோட்டம் கிடையாது. அது வளைந்து எச்சரிப்பதில்லை. உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்க, மேலே வண்ணப்பூச்சு பளபளக்கும்; ஒருநாள் திடீரென முறியும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல நாணயத்தால் பிரேமைத் தட்டிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அடுக்கு பிரிந்த இடத்தில் ஒலி மழுங்கும். முதல் ஐயத்தை எழுப்ப அது உதவும்; இறுதித் தீர்ப்பைத் தராது.

எனவே கார்பன் வண்டியில் சிக்கனம் நுழையக் கூடாத பாகங்கள் சில உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க், அதன் மேல்தண்டு, கைப்பிடி, இருக்கைத் தண்டு ஆகியவற்றில் எது முறிந்தாலும் ஓட்டுபவர் சாலையில் முகம் குப்புற விழுவார். இவற்றில் மிகப் பல, ஐந்தாறு நியூட்டன்மீட்டர் முறுக்கத்துக்கு மேல் இறுக்கப்படக் கூடாதவை. ‘கை சொல்லும் அளவு’க்கு இறுக்கும் பழக்கம் இரும்புக்குப் பொருந்தும், கார்பனை நசுக்கிவிடும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பன் வண்டி பூட்டுவது அளவுகோல் இல்லாமல் சட்டை தைப்பதற்கு ஒப்பாகும். பிரேமின் மேல் ஒட்டியிருக்கும் யூ.சி.ஐ. முத்திரையைப் பலர் பாதுகாப்புச் சான்றாக எண்ணுகிறார்கள். அது அடிப்படையில் வடிவமும் அளவும் பந்தய விதிக்கு உட்பட்டவை என்பதற்கான ஒப்புதல். வலிமையைச் சோதித்து வழங்கும் உறுதி அன்று. வாங்குபவர் கேட்க வேண்டியது ஐ.எஸ்.ஓ. 4210 பாதுகாப்புத் தரத்தின்படி அந்த பிரேமும் போர்க்கும் சோதிக்கப்பட்டனவா என்பதையே. விற்பவரிடம் விடை இல்லையென்றால், அந்த மலிவின் காரணமும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு சிறு தேர்வும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. மிதி அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட், அழுத்திச் செருகும் வகையிலும் மரை கொண்ட வகையிலும் கிடைக்கிறது. மரை கொண்ட பழைய அளவுக்குப் பி.எஸ்.ஏ. என்றே பெயர். பர்மிங்காம் துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயரான அதுவே, அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாகத் தமிழ்நாட்டின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகமான பெயரும் ஆயிற்று. மரை கொண்ட பிரேம் சில கிராம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அதைக் கழற்றி மாட்டும் நுட்பம் பழைய கடைக்காரருக்குப் புதிதன்று. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு, அண்மைச் சிற்றூரில் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பதைவிடப் பெரிய உயர்தொழில்நுட்பம் வேறில்லை.

இந்த மலைகளின் வரலாறே எடையை யார் சுமப்பது என்பதன் வரலாறு. 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே, தேயிலையைக் கொண்டுசெல்ல ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளை அமைத்தார்கள். பெரும்பாரம் தண்டவாளத்தின் மேல், சமநிலைக்காக ஒரு சக்கரம் தரையில், இழுப்பதற்கு மாடுகள். 1908இல் அதன் இடத்துக்குக் குறுகிய இருப்புப்பாதை வந்தது. 1924 பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்குத் தேயிலை இறங்கி, அங்கிருந்து போடிக்குச் சென்றது. அந்தத் தேயிலையைப் பறித்துச் சுமந்து எடைமேடைக்குக் கொண்டுவந்தவர்கள் தமிழ்நாட்டின் சமவெளியிலிருந்து மலையேறிய தொழிலாளர்கள். 2015 செப்டம்பரில் ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் மூணாறு வீதியில் அமர்ந்த பெண்களின் நாட்கூலி 232 ரூபாய்; அவர்கள் நாள்தோறும் பறிக்க வேண்டிய குறைந்த அளவு 21 கிலோ. பேச்சுவார்த்தையின் முடிவில் கூலி 301 ஆயிற்று. பறிக்க வேண்டிய அளவும் 25 கிலோவாக ஏறியது.

அப்பெண்களுக்குக் கூலியோடு 4 கிலோ ஏற்றப்பட்ட சாலையோரம்தான், 2 கிலோவை இறக்குவதற்காகப் பல மாதக் கூலிக்கு ஈடான பணத்தைச் செலவிட்டவர்கள் கடந்து செல்கிறார்கள். ஓட்டுபவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இந்த ஒப்பீட்டைப் பயன்படுத்துவது நேர்மையாகாது. லயன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் இலகுவான வண்டியில் காற்றைக் கிழித்துப் போகும் ஆசை இருக்கும், இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் எட்டும் விலையில் நல்ல வண்டி வருமானால், மலிவு கார்பனின் வரவு வரவேற்கத்தக்கதே. ஆனால் எடை குறைவு என்பது யாரோ ஒருவர் எங்கோ கொடுக்கும் விலை என்பதை இம்மலை அறிந்த அளவுக்கு வேறு நிலம் அறியாது. சோதனையின்றி வார்க்கப்பட்ட போர்க்கின் குறைந்த விலையும் அவ்வாறே தள்ளி வைக்கப்பட்ட ஒரு கடன். அதை விற்றவர் அடைப்பதில்லை. பதினேழு வளைவுகளுள் ஏதோ ஒன்றில் ஓட்டுபவரின் உடல் அடைக்கிறது.

ஆகவே தேவிகுளத்துக்கு ஏற நினைப்பவர் தம் பணத்தை இந்த வரிசையில் செலவிடட்டும்: முதலில் பிரேக், பிறகு டயர், அடுத்து கியர், அதன்பின் சோதிக்கப்பட்ட போர்க், டார்க் ரெஞ்ச். இவ்வளவுக்கும் பிறகு பணம் எஞ்சினால் கார்பன் பிரேம். எஞ்சாவிட்டால் அலுமினிய பிரேமே போதும். 2 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேரலாம். போடிமெட்டுத் தேநீர்க் கடையில் யாரும் நேரத்தைக் குறித்துக்கொண்டு காத்திருக்கப் போவதில்லை. வீட்டில்தான் ஒருவர் காத்திருப்பார்.