பூக்காட்சி நடக்கட்டும்! பூ விவசாயிக்கு அதில் இடம் எங்கே?

  

சென்னைப் பட்டணத்தில் தோட்டக்கலைத் துறை 2022-ல் மலர்க் கண்காட்சியை ஆரம்பித்தது. ஊட்டியிலும் நம்ம மாவட்டத்துக் கொடைக்கானலிலும் கோடைக்கு நடக்குதே, அதே மாதிரி. அதை நாம் எதிர்க்கவில்லை. ஜனங்கள் வரட்டும், பிள்ளைகுட்டிகளோடு பார்க்கட்டும். நாம் கேட்பது ஒண்ணே ஒண்ணு. பூ விளைவிக்கிறவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அந்தக் காட்சியை எத்தனை வருசத்துக்கு ஓட்ட முடியும்?

கணக்கைப் பாருங்கள். 2022 ஜூன் மாதம் கலைவாணர் அரங்கத்துக்குள் மூணு நாள் நடந்தது. பெரியவர்களுக்கு டிக்கெட் 50 ரூபாய். 2024 பிப்ரவரியில் செம்மொழிப் பூங்காவில் நடந்தபோது 150 ரூபாய். 2025 ஜனவரியில் 2-ம் தேதி தொடங்கி 18-ம் தேதி வரை நடந்தது, 200 ரூபாய். மூணு வருசத்தில் நாலு மடங்கு! நம்ம பூவுக்கு எந்த வருசமாவது அப்படி விலை ஏறி, ஏறின இடத்தில் நின்றிருக்கிறதா?

டிக்கெட் ஏன் ஏறுது? செடி வளர்க்கிற நமக்கு அது விளங்காத விஷயமில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் குளிர் இருக்கு. செடி பூங்காவிலேயே வளருது, அங்கேயே பூக்குது. சென்னையில் வெயில், புழுக்கம், உப்புக்காத்து. ஜூன் மாசத்தில் அங்கே திறந்தவெளியில் பூச்செடியை வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தேதி ஜனவரிக்குப் போனது நல்லதுதான். ஆனாலும் மாசக்கணக்கில் முன்கூட்டியே தொட்டியில் நாத்து விடணும். வெளியூரிலிருந்து லாரியில் ஏத்தணும். காட்சி 17 நாள் என்றால், முதல் நாள் வைத்த பூ கடைசி நாள் வரை நிற்காது, வாடினதை எடுத்து மாத்திக்கொண்டே இருக்கணும். தண்ணீர், கூலி, லாரி வாடகை எல்லாம் செலவு. நடுவில் ஒரு மழை கொட்டினால் அத்தனையும் சேறு. இவ்வளவையும் நுழைவுச் சீட்டின் தலையில் கட்டினால், அடுத்த வருசம் இன்னும் ஏத்தத்தான் வேண்டியிருக்கும். ஒருநாள் கூலிக்காரன் குடும்பம் வாசலோடு திரும்பிப் போகும்.

பெங்களூர் லால்பாக்கைப் பாருங்கள். குடியரசு தினத்துக்கு ஒண்ணு, சுதந்திர தினத்துக்கு ஒண்ணு என்று வருசத்துக்கு ரெண்டு காட்சி. எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது. அங்கே காட்சிக்கென்று 1889-90-ல் கட்டின கண்ணாடி மாளிகை இருக்கு. மாறாத தேதி இருக்கு. எல்லாத்துக்கும் மேலே, துறை தனியாக நடத்தவில்லை, தோட்டக்கலைச் சங்கத்தோடு சேர்ந்து நடத்துது. சென்னையிலும் 1835-லேயே தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியாச்சு. ஆனால் அந்தச் சங்கத்துக்கும் அரசுக்கும் கதீட்ரல் ரோட்டு நிலத்தில் வருசக்கணக்கில் கோர்ட்டு வழக்கு நடந்ததுதான் மிச்சம். இன்றைய செம்மொழிப் பூங்காவும் அந்த ரோட்டில்தான் இருக்கு. அரசு மட்டும் தனியாக நடத்துகிற காட்சி, அந்த வருசத்து நிதி ஒதுக்கீடு இருக்கிற வரைக்கும்தான். விளைவிக்கிறவனும் சேர்ந்து நடத்துகிற காட்சிக்குத்தான் வேர் இருக்கும்.

நம்ம நிலைமை என்ன? 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் கிடைத்தது, விலை கிடைத்ததா? பொங்கல் சமயம் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் போகுது என்று பேப்பரில் போடுகிறார்கள். பனியில் மொட்டு கருகி, செடிக்கு நாலு மொட்டுகூடத் தேறாத சமயம் அது என்பதைப் போடுவதில்லை. வெயில் ஏறி வரத்து கூடினால் விலை அதலபாதாளம். பறிகூலிக்கும் கமிஷனுக்கும் கொடுத்தது போக வெறுங்கையோடு பஸ் ஏறுகிறோம். சம்பங்கியைக் கேட்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டினதையும் பார்த்திருக்கிறோம். 2020-ல் கொரோனா வந்தபோது ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பூக்காட்சி இல்லை. காட்சி நின்றால் துறைக்கு ஒரு வருசம் ஓய்வு. நமக்கு? கோயிலும் மார்க்கெட்டும் பூட்டி, பூ செடியிலேயே உதிர்ந்தது. வாங்கின கடன் உதிரவில்லையே!

"கண்காட்சி என்பது பார்ப்பதற்கு, அது சந்தையில்லை" என்று அதிகாரிகள் சொல்லலாம். 1999-ல் உழவர் சந்தை வந்தபோதும், விவசாயிக்கு வியாபாரம் தெரியுமா என்று கேட்டவர்கள் உண்டு. விற்றுக் காட்டினோமா இல்லையா? "மல்லிகை ஒரு ராத்திரி தாங்காது, 17 நாள் காட்சிக்கு எப்படி வைப்பது?" என்றும் கேட்கலாம். தினமும் வரட்டுமே! திண்டுக்கல்லில் காலையில் ஏத்தின மொட்டு சாயங்காலம் சென்னையில் விரியும். ஜனவரியில் மல்லிகை குறைவுதான், சரி. செவ்வந்தி இல்லையா, கோழிக்கொண்டை இல்லையா, செண்டுமல்லி, பன்னீர் ரோஸ், மரிக்கொழுந்து இல்லையா? தொட்டியில் வந்த வெளிநாட்டுப் பூவுக்குப் பேர்ப்பலகை வைக்கிறவர்கள், நம்ம பூவுக்கும், அது விளைந்த ஊருக்கும் ஒரு பலகை வைக்கட்டும்.

அரசுக்கு நம் கோரிக்கைகள்:

1. சென்னை, கொடைக்கானல் மலர்க் கண்காட்சிகளை நடத்தும் குழுவில் பூ விவசாயிகளின் பிரதிநிதிகளைச் சேர்க்க வேண்டும்.

2. காட்சி நடக்கிற எல்லா நாளும் விவசாயிகள் நேரடியாகப் பூ விற்க, வாடகையில்லாத கடைகள் ஒதுக்க வேண்டும்.

3. காட்சிக்கு வாங்குகிற உதிரிப்பூவை இடைத்தரகர் இல்லாமல், முன்கூட்டியே விலை பேசி விவசாயிகளிடம் வாங்க வேண்டும். தொட்டிச்செடி வளர்க்கும் வேலையில் ஒரு பங்கைக் கிராமத்து மகளிர் குழுக்களுக்குக் கொடுக்க வேண்டும்.

4. வசூலாகும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10 ரூபாயைத் தனி நிதியாகச் சேர்த்து, வரத்து கூடி விலை விழுகிற மாதங்களில் பூவைக் கட்டுப்படியான விலைக்கு அரசே கொள்முதல் செய்ய வேண்டும்.

5. டிக்கெட்டை இனிமேலும் ஏத்தாமல், ஏழை எளியவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் இலவசமாகத் திறந்துவிட வேண்டும்.

இது பிச்சையில்லை, சலுகையுமில்லை. காட்சி நிலைக்க வேண்டும் என்றால் அதற்கு நாம் வேண்டும். நாம் நிலைக்க வேண்டும் என்றால் நம்ம பூவுக்கு விலை வேண்டும்.

பூ விவசாயிகளே! கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கிற குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இந்த மாதம் ஒவ்வொரு ஊரிலிருந்தும் பத்துப் பேராவது வாருங்கள். ஒரு கையில் மனு, ஒரு கையில் நம் தோட்டத்துப் பூ. நிலக்கோட்டையும் வரட்டும், ஆத்தூரும் ரெட்டியார்சத்திரமும் சின்னாளபட்டியும் வரட்டும். மனுவுக்குப் பதில் வராவிட்டால், அடுத்த கட்டப் போராட்டத்தை எல்லோரும் கூடி முடிவு செய்வோம்.

சிந்திப்பீர்! திரண்டு வாரீர்!

இவண்,
சங்கச் செயலாளர்,
திண்டுக்கல்.