முதல் துப்பாக்கி யாருக்கு மலிவு?

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலையை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு வல்வில் ஓரி ஞாபகம் வராமல் போகாது. ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தினான் என்று புறநானூறு பாடிய வில்லாளி. ஆடி மாதம் அரசாங்கமே அவனுக்கு விழா எடுக்கிறது. சரி, அந்த மண்ணில் பிறந்த ஒரு மாணவனோ மாணவியோ ஷாட்கன் போட்டிக்குப் போக ஆசைப்பட்டால்? முதலில் வரும் கேள்வி இதுதான்: "கம்மி விலையில் எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?"

கேள்வியே தப்பு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ட்ராப் போட்டியில் ஒரு சுற்றுக்கு 25 களிமண் தட்டுகள். தகுதிச் சுற்று முழுவதும் 125. ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். பயிற்சியில் வாரம் 200 தோட்டா என்றாலே வருடத்துக்குப் பத்தாயிரம். தோட்டா 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து லட்சம்! தட்டுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு தனி. துப்பாக்கியில் பத்தாயிரம் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

மலிவு என்று பக்கம் பக்கமாகக் குழல் வைத்த பழைய வேட்டைத் துப்பாக்கியை வாங்குவது அதைவிட மோசம். ட்ராப்புக்கு வேண்டியது மேலும் கீழுமாகக் குழல் அமைந்த, கனமான, 30 அங்குலக் குழல் கொண்ட 12 போர். அதன் கட்டை தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கண் ஒரு பக்கம் பார்க்கும், குண்டு வேறு பக்கம் போகும். அந்தத் தப்புப் பழக்கத்தை மாற்றவே வருடங்கள் போய்விடும்.

உரிமமும் சும்மா வராது. பொதுவாக 21 வயது ஆக வேண்டும். அதற்கு முன்னால் மேற்பார்வையில் பயிற்சி பெற மட்டும் சட்டத்தில் வழி உண்டு. ஆக, முதல் துப்பாக்கி சொந்தத் துப்பாக்கியாக இருக்கவே கூடாது. கிளப்பின் துப்பாக்கியாக இருக்க வேண்டும். ஒரு வருடம் சுட்டுப் பார்த்து, உடம்புக்கு எது பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு நல்ல இரண்டாம் கை துப்பாக்கி வாங்கலாம்.

ஆனால் அந்தக் கிளப் எங்கே இருக்கிறது? அடிவாரத்துப் பிள்ளைக்கு எட்டுகிற தூரத்திலா?

இந்த விளையாட்டின் சரித்திரத்தைப் பாருங்கள். 1962-ல் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற கர்ணி சிங், பிகானிர் மகாராஜா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப்பில் இறங்கிய பிரித்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். அவர்கள் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, அரண்மனைக்கு வெளியே கதவு திறக்காததில்தான். மலையில் குறிபார்க்கத் தெரிந்தவன் துப்பாக்கியோடு செய்தியில் வருவது, உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி வழக்கில்தான். அந்தச் சட்டம் சரியானதே. ஆனால் தண்டிக்கத் தெரிந்த அரசுக்குப் பயிற்றுவிக்கத் தெரிய வேண்டாமா?

"ஏழைக்கு எதற்கு இந்தப் பணக்கார விளையாட்டு?" என்று சிலர் கேட்பார்கள். 2004 ஏதென்ஸில் டபுள் ட்ராப்பில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவ அதிகாரி. பின்னால் ஒரு நிறுவனம் நின்றால் அரண்மனை தேவையில்லை என்பதற்கு அவரே சாட்சி.

ஓரிக்கு விழா எடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? கூடவே மாவட்டத்தில் ஒரு பயிற்சிக்களம், நாலு பொதுத் துப்பாக்கி, ஒரு பயிற்சியாளர், மாணவர்களுக்கு மானியத் தோட்டா கொடுங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகிற முதல் துப்பாக்கி அது ஒன்றுதான்.