யாயா பேசும் மொழி

காலை 6 மணிக்கு மைக்கைத் திறந்தால் 10 மணி வரை எனக்குத் தமிழ்தான். வாய் தவறிக்கூட ஓர் ஆங்கிலச் சொல் வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருப்பேன். மதியம் பள்ளி வாசலில் மகனை ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்பியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஹவ் வாஸ் ஸ்கூல்?"

இதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு சின்ன உணவகத்தில், ஏழு வயது மகன்தான் அதைச் சொல்லிக் காட்டினான்.

கடந்த செப்டம்பரில் நான், கணவர், மகன் மூவரும் ஆறு நாள் கத்தலோனியா போய் வந்தோம். ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பகுதி. தலைநகர் பார்சிலோனா. மக்கள் தொகை சுமார் 80 லட்சம். 'ஸ்பெயினுக்குப் போகிறோம்' என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

தக்காளி தேய்த்த ரொட்டி

முதல் நாள் பசியாறப் போன இடத்தில் சுட்ட ரொட்டி, ஒரு முழுத் தக்காளி, ஒரு பல் பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் விழித்தோம். பக்கத்து மேசைக்காரர் செய்து காட்டினார். ரொட்டியின் மேல் பூண்டைத் தேய்க்க வேண்டும். பிறகு தக்காளியை இரண்டாக வெட்டி, சாறு இறங்கும்வரை தேய்க்க வேண்டும். மேலே எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். பெயர் 'பா அம் துமாக்கத்'. நமக்குக் காயா ரொட்டி எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. மகனுக்கு இந்தத் தேய்க்கும் வேலை ரொம்பப் பிடித்துப்போனது. ஆறு நாளும் அதுதான் அவன் பசியாறல்.

நான் 'கிராசியாஸ்' என்று ஸ்பானிய மொழியில் நன்றி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "இங்கே கிராசியெஸ்" என்று திருத்தினார். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அது வேறு மொழி. கத்தலான், ஸ்பானிய மொழியின் கிளை வழக்கு அல்ல. லத்தீனிலிருந்து தனியாக வளர்ந்த மொழி. அதற்கென்று நெடிய இலக்கியம் உண்டு.

அன்று மதியம் சக்ராடா ஃபமிலியா தேவாலயம் போனோம். 1882இல் தொடங்கிய கட்டுமானம். அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற அந்தோனி கௌடி, 1926இல் டிராம் மோதி இறக்கும்வரை அதிலேயே வாழ்ந்தார். அவர் உடல் அங்கேதான், கீழ்த்தளத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே தூண்கள் மரங்களைப் போல மேலே போய்க் கிளை பிரிகின்றன. வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சத்தில், காட்டுக்குள் நிற்பது போல இருக்கும்.

கௌடியைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு செய்தியும் உண்டு. 1924 செப்டம்பர் 11. பார்சிலோனா நகரம் 1714இல் வீழ்ந்ததன் நினைவு நாள். அன்று தேவாலயத்துக்குப் பூசைக்குப் போன கௌடியைப் போலீசார் மறித்தார்கள். அவர் கத்தலான் மொழியிலேயே பதில் சொன்னார். ஸ்பானிய மொழியில் பேசச் சொன்னபோது மறுத்துவிட்டார். 72 வயதுப் பெரியவரைக் கைது செய்து சில மணி நேரம் அடைத்து வைத்தார்கள். அவருக்கு ஸ்பானிய மொழி நன்றாகத் தெரியும். பேச விருப்பமில்லை, அவ்வளவுதான்.

மலை மேல் ஒரு மடம்

இரண்டாம் நாள் மொன்செராட். ரம்பப் பல் போன்ற பாறைகள் வரிசையாக நிற்கும் மலை. பல்சக்கர ரயிலில் ஏறினால், மேலே பெனடிக்ட் சபைத் துறவியரின் மடம் இருக்கிறது. கருநிற மாதாவின் சிலையைத் தொட்டு வணங்க நீண்ட வரிசை. 'லா மொரெனேதா' என்று அவளை அழைக்கிறார்கள். 'கறுப்பழகி' என்று நாம் சொல்வது போன்ற செல்லப் பெயர். மதியம் சிறுவர்களின் பாடற்குழு வந்து பாடியது. ஐரோப்பாவின் மிகப் பழைய சிறுவர் பாடற்குழுக்களில் ஒன்று அது. மூச்சுவிடக்கூட யோசிக்க வைக்கும் அமைதி.

1939 முதல் 1975 வரை ஃபிராங்கோவின் சர்வாதிகாரம். பள்ளி, அரசு அலுவலகம், செய்தித்தாள், வானொலி எதிலும் கத்தலானுக்கு இடம் இல்லை. பிறந்த குழந்தைக்கு 'ஜோர்டி' என்று பெயர் வைத்தாலும் பதிவேட்டில் 'ஹோர்ஹே' என்றுதான் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் 1959இல் இந்த மடத்திலிருந்துதான் 'செர்ரா தோர்' என்ற கத்தலான் இதழ் வெளிவரத் தொடங்கியது. தேவாலயத்தின் நிழலில் மொழி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜிரோனாவில் கேட்ட பதில்

மூன்றாம் நாள் ஜிரோனா. பார்சிலோனாவிலிருந்து அதிவேக ரயிலில் 40 நிமிடம். ஒன்யார் ஆற்றின் இரு கரையிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வீடுகள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. யூதர்கள் வாழ்ந்த பழைய தெருக்கள், கை நீட்டினால் இரு பக்கச் சுவரும் தொடும் அளவுக்குக் குறுகல்.

ஆற்றோரம் ஒரு சிறிய உணவகம். சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய் மேல் எண்ணெய் ஊற்றிய 'எஸ்கலிவாடா' கேட்டோம். நம் சுட்ட கத்தரிக்காய் துவையலுக்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம்! உணவகம் நடத்தும் பெண்ணுக்கு என் வயது இருக்கும். மூலை மேசையில் அவர் மகள் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாட்டி. அந்தச் சிறுமி பாட்டியை 'யாயா' என்று அழைத்தாள். பழந்தமிழில் 'யாய்' என்றால் தாய். தற்செயல் ஒற்றுமைதான். ஆனாலும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.

அந்தப் பெண் ஆங்கிலத்தில் மகனிடம் பேச்சுக் கொடுத்தார். "உங்கள் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?"

மகன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இங்கிலீஷ். மை மம் ஸ்பீக்ஸ் டமில் ஆன் த ரேடியோ."

அவர் சிரித்தார். கணவரும் சிரித்தார். நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். அம்மா படித்தது ஃபிராங்கோ காலத்தில். கத்தலான் சரளமாகப் பேசுவார், எழுத வராது. மகள் கைப்பேசியில் செய்தி அனுப்பினால் படித்துவிட்டுக் குரல் பதிவாகத்தான் பதில் அனுப்புவாராம். பேத்தி படிப்பது கத்தலான் மொழிப் பள்ளியில். ஆனால் மணி அடித்துத் திடலுக்கு ஓடியதும் பிள்ளைகள் ஸ்பானிய மொழிக்கு மாறிவிடுகிறார்கள். "யாரும் எங்களை இப்போது தடுக்கவில்லை. எதிரில் இருப்பவர் சிரமப்படக் கூடாது என்று நாங்களே மாறிவிடுகிறோம்" என்றார்.

அது வெறும் குறைப்பேச்சு அல்ல. கத்தலோனிய அரசின் கணக்கெடுப்பில், கத்தலானை அன்றாட மொழியாகப் பயன்படுத்துவோர் 2003இல் 46 சதவீதம். 2023இல் 32.6 சதவீதம். இத்தனைக்கும் அங்கே பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அந்த மொழி புரியும். வெளியிலிருந்து வந்து குடியேறியோர் பெருகியது ஒரு காரணம். மாறிவிடும் பழக்கம் இன்னொரு காரணம்.

அதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஒரு மருந்து எனக்குப் பிடித்திருந்தது. கத்தலான் கற்கும் ஒருவரையும் நன்றாகப் பேசும் ஒருவரையும் இணைத்துவிடுகிறார்கள். வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து மணி நேரம் பேச வேண்டும். புத்தகம் இல்லை, தேர்வு இல்லை. காப்பி குடிக்கலாம், சந்தைக்குப் போகலாம். நிபந்தனை ஒன்றுதான்: மொழி மாறக் கூடாது.

எரிமலைக்குள் புல்வெளி

நான்காம் நாள் கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கரோச்சா வட்டாரம் போனோம். ஒலோட் நகரைச் சுற்றி சுமார் 40 எரிமலைகள், எல்லாம் உறங்குகின்றன. சாந்தா மார்கரிதா எரிமலையின் வாய்க்குள் நடந்தே இறங்கலாம். உள்ளே வட்டமான பச்சைப் புல்வெளி, நடுவில் ஒரு குட்டித் தேவாலயம். பக்கத்திலேயே கஸ்தெல்ஃபொலிட் என்ற ஊர், 50 மீட்டர் உயரக் கருங்கல் செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எரிமலை மண்ணில் விளையும் சாந்தா பாவ் வெள்ளை அவரையை மதியம் சாப்பிட்டோம். வெண்ணெய் போலக் கரைந்தது.

வழியெல்லாம் கத்தலான் வானொலி. தொழில் புத்தி போகுமா? சாலை நெரிசல், வானிலை, காற்பந்து, விளம்பரம், அறுவை ஜோக். ஒன்றும் புரியவில்லை. ஆனால் அறிவிப்பாளர் சிரித்தபோது நானும் சிரித்தேன். 1983இல் அரசு வானொலியும் டிவி3 தொலைக்காட்சியும் தொடங்கியபோது, பண்டிதர் உரைகளை மட்டும் போட்டு மொழியை வளர்க்க அவர்கள் நினைக்கவில்லை. அமெரிக்காவின் 'டாலஸ்' தொடரைக் கத்தலானில் பேச வைத்தார்கள். 1990இல் ஜப்பானின் 'டிராகன் பால்' கார்ட்டூன் வந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த மொழியில்தான் சண்டை போட்டு விளையாடினார்கள். வானொலியில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும்தான்.

ஐந்தாம் நாள் கடற்கரை. வெள்ளை வீடுகளின் கடக்கேஸ், அதைத் தாண்டி ஓவியர் சால்வடோர் டாலி மீனவர் குடிசைகளைச் சேர்த்துக் கட்டிய வீடு, பிறகு காற்று ஆளையே தள்ளும் கிரேயூஸ் முனை. பாறைகள் உருகி வழிவது போல இருக்கும். டாலியின் ஓவியங்கள் எங்கிருந்து வந்தன என்பது அங்கே நின்றால் விளங்கும்.

அடியில் நிற்பவர்களுக்கு இசை

கடைசி நாள் பார்சிலோனாவில் லா மெர்சே திருவிழா. நகர மன்றச் சதுக்கத்தில் மனிதக் கோபுரம் எழுப்பினார்கள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. கீழே நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து அடித்தளம் அமைக்கிறார்கள். அதன் மேல் ஒருவர் தோளில் ஒருவராக எட்டு, ஒன்பது அடுக்கு. கடைசியாகத் தலைக்கவசம் அணிந்த ஒரு சிறு பிள்ளை உச்சிக்கு ஏறிக் கையை உயர்த்துகிறது. மகன் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தான்.

அடித்தளத்தில் தலை குனிந்து நிற்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. அதனால் 'கிரால்யா' என்ற குழலை ஊதுகிறார்கள். கோபுரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இசையைக் கேட்டே தெரிந்துகொள்வார்கள். கைதட்டப் போன என்னைப் பக்கத்தில் இருந்தவர் தடுத்தார். பிள்ளை உச்சியைத் தொட்டால் மட்டும் போதாது. எல்லோரும் பத்திரமாக இறங்கினால்தான் முழு வெற்றியாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. நேரடி விமானம் இல்லை, டோஹா அல்லது துபாயில் மாறலாம். மதிய உணவு 2 மணிக்கு, இரவு உணவு 9 மணிக்கு என்று வயிற்றைப் பழக்கிக்கொள்ளுங்கள். சைவர்கள் கீரையிலும் பருப்பிலும்கூட இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுச் சாப்பிடுங்கள். கூட்டத்தில் பணப்பையைப் பத்திரமாக வையுங்கள்.

வந்து ஐந்து வாரம் ஆகிறது. வீட்டில் பெரிய சட்டம் எதுவும் போடவில்லை. காரில் ஏறியதும் "இன்னிக்குப் பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறேன். அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். நான் மாறுவதில்லை, தமிழிலேயே தொடர்கிறேன். முதல் வாரம் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. களைப்பான நாள்களில் நானே தவறி ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறேன்.

போன ஞாயிறு காலை சமையலறைக்கு வந்தான். கையில் ரொட்டி.

"அம்மா, தக்காளி எங்கே? நான்தான் தேய்ப்பேன்."

எடுத்துக் கொடுத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.